பழைய பாதையை எடுப்பதற்கு முன்

(செங்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



 எனக்குப் பழக்கமான துறை, கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னலில் தரவைச் சேமிக்கும் பகுதி. அங்கே புதிதாக ஒன்றைக் கட்டுகிறவருக்குப் பெயர் கிடைக்கிறது. பழையதைப் பத்திரமாகக் கழற்றி எடுப்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. நான் பார்த்தவரை இரண்டாவது வேலைதான் கடினம். அதற்குப் பொறுமையும் நாணயமும் அதிகம் வேண்டும். இன்று அந்த இரண்டாவது வேலையைப் பற்றிப் பேசுகிறேன்.

2019 மார்ச் 3-ஆம் தேதி லினக்ஸ் கெர்னலின் 5.0 பதிப்பு வெளிவந்தது. ஹார்ட் டிஸ்க்கோடு கெர்னல் பேசுவதற்குப் பல ஆண்டுகளாக இருந்த பழைய வழி அந்தப் பதிப்பில் முழுவதுமாக நீக்கப்பட்டது. லினக்ஸ் ஓடாத இடம் இன்று குறைவு. வங்கிகளின் சர்வர்களிலும், இணையத்தின் பெரும்பகுதியிலும், உங்கள் சட்டைப்பையில் ஆண்ட்ராய்டு கைபேசி இருந்தால் அதிலும் ஓடுவது அந்தக் கெர்னல்தான். அதன் சேமிப்புப் பகுதியின் முதுகெலும்பையே மாற்றிவிட்டார்கள். பயன்படுத்துகிற மக்களில் யாருக்கும் அது தெரியவில்லை. அந்தத் 'தெரியவில்லை' எப்படிச் சாத்தியமாயிற்று என்பதுதான் என் கேள்வி.

முதலில் இடத்தைக் காட்டிவிடுகிறேன். கைபேசியில் ஒரு புகைப்படத்தைத் திறக்கிறீர்கள். செயலி கெர்னலிடம் 'இந்தக் கோப்பைப் படித்துக் கொடு' என்று கேட்கிறது. கெர்னலுக்குள் கோப்பு முறைமை என்ற அடுக்கு, அந்தக் கோப்பு சேமிப்பகத்தில் எந்தெந்த இடங்களில் கிடக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. அதற்குக் கீழே பிளாக் அடுக்கு. வருகிற கோரிக்கைகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தி அனுப்புவது அதன் வேலை. அதற்கும் கீழே டிரைவர். குறிப்பிட்ட அந்தச் சாதனத்தின் மொழி அதற்குத்தான் தெரியும். ஒவ்வோர் அடுக்கும் அடுத்த அடுக்கோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டிருக்கிறது: நீ இந்த வடிவில் கேட்டால் நான் இந்த வடிவில் தருவேன். இந்த உடன்பாட்டைத்தான் இடைமுகம் என்கிறோம்.

இடைமுகங்களில் வெளியே பார்ப்பவை உண்டு, உள்ளே பார்ப்பவை உண்டு. செயலிகள் கெர்னலைக் கூப்பிடும் முறை, டிஸ்க்குகளுக்குக் கெர்னல் வைக்கும் பெயர், டிஸ்க்கின் மேல் தரவு எழுதப்பட்டிருக்கும் வடிவம் ஆகியவை வெளியே பார்ப்பவை. நேற்று ஓடிய செயலி இன்றும் ஓட வேண்டும் என்பதில் லினக்சை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகக் கண்டிப்பானவர். கெர்னலை மாற்றியதால் ஒருவருடைய செயலி நின்றுபோனால், குற்றம் கெர்னலுடையது. செயலியைக் குறைசொல்ல இடமில்லை. உள்ளே பார்ப்பவற்றின் கதை வேறு. கெர்னலுக்குள் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கைக் கூப்பிடும் முறைக்கு நிரந்தரம் கிடையாது. கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் இதை ஓர் ஆவணமாகவே எழுதி, கெர்னலோடு சேர்த்து வைத்திருக்கிறார். தேவை என்றால் எதையும் மாற்றலாம். ஆனால் மாற்றுகிறவருக்கு ஒரு கடமை உண்டு. அந்தப் பழைய முறையைக் கெர்னலுக்குள் எத்தனை இடங்களில் பயன்படுத்துகிறார்களோ, அத்தனையையும் அவரே புதிய முறைக்கு மாற்றித் தர வேண்டும், அல்லது மாற்றும்வரை கூடவே நின்று பார்க்க வேண்டும். 'நான் பாதையை மாற்றிவிட்டேன், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

பாதை என்றதும் இந்த ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒன்றுதான். கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து செங்கோட்டைக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது 1904-இல். நூறாண்டு கழித்து, 2004-இல், விருதுநகர்–செங்கோட்டைத் தடம் அகலப் பாதையாயிற்று. செங்கோட்டை–புனலூர் மலைத்தடத்தில் 2010 செப்டம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். அகலப் பாதையில் மறுபடி ரயில் ஓடியது 2018-இல். நடுவில் எட்டு ஆண்டுகள் ஆரியங்காவு வழியே பேருந்துதான். மலைத்தடத்தில் வேறு வழி இருந்திருக்காது. பொறியாளர்களைக் குறைசொல்ல நான் இதைச் சொல்லவில்லை. கெர்னலுக்கு அந்த எட்டு ஆண்டுகள் கிடையாது, எட்டு நிமிடமும் கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன். ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்டவாளத்தின் அகலத்தை மாற்றியாக வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட முறை: பழைய பாதைக்குப் பக்கத்திலேயே புதிய பாதையைப் போடுவது, வண்டிகளை ஒவ்வொன்றாக அதற்கு ஏற்றுவது, கடைசி வண்டியும் ஏறிய பிறகுதான் பழைய தண்டவாளத்தில் கைவைப்பது.

5.0-இல் போன அந்தப் பழைய பாதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தத் துறையின் பண்பாடு முழுவதும் அந்த ஒரு கதையில் இருக்கிறது.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 7,200 சுற்று. வேண்டிய இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச்சுற்று காத்திருக்க வேண்டும்; அதற்கே நான்கு மில்லிநொடிக்கு மேல் ஆகும். முனையை உள்ளேயும் வெளியேயும் நகர்த்தும் நேரம் தனி. எப்படிப் பார்த்தாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டால் ஒரு நொடிக்கு நூறு, நூற்றைம்பது கோரிக்கைகளுக்கு மேல் அது தராது. அப்படிப்பட்ட சாதனத்துக்கு, எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி, பக்கத்துப் பக்கத்து இடங்களைக் கேட்பவற்றை ஒன்றாகச் சேர்த்து, முனை வீணாக அலையாதபடி வரிசையை மாற்றியமைத்து அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். பழைய பிளாக் அடுக்கு அதைத்தான் செய்தது. சாதனத்துக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு பூட்டு. வரிசையைத் தொடுகிற எவரும் பூட்டை எடுத்துக்கொண்டு தொட வேண்டும். டிஸ்க் இவ்வளவு மெதுவாக இருக்கும்போது பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரம் யார் கண்ணிலும் படவில்லை.

பிறகு சுழலாத சேமிப்பகம் வந்தது. எஸ்எஸ்டியில் முனையும் இல்லை, தட்டும் இல்லை. 2011-இல் என்விஎம்இ என்ற தரம் வெளிவந்தபோது, ஒரே சாதனத்துக்கு 65,535 வரிசைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று வகுத்தார்கள். அதற்கு முந்தைய சாட்டா முறையில் ஒரு வரிசை, அதில் 32 கட்டளைகள், அவ்வளவுதான். கணினியின் மையச் சில்லுகளிலும் கோர் எனப்படும் கணிப்பு அலகுகளின் எண்ணிக்கை பெருகிவிட்டது. பத்து, இருபது கோர்கள் ஒரே நேரத்தில் கோரிக்கையோடு வந்து அந்த ஒரே பூட்டுக்கு முன்னால் நின்றன. சாதனம் சும்மா இருந்தது, கெர்னல்தான் தடை.

2013-இல் மத்தியாஸ் பியோர்லிங், ஜென்ஸ் ஆக்ஸ்போ, டேவிட் நெல்லன்ஸ், ஃபிலிப் பொன்னே ஆகிய நால்வர் இதை அளந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பழைய அடுக்கு நொடிக்குச் சுமார் 8 லட்சம் கோரிக்கைகளோடு மூச்சுமுட்டி நின்றுவிடுகிறது என்று காட்டினார்கள். அதற்கு மேல் எவ்வளவு வேகமான சாதனத்தைக் கொடுத்தாலும் பயனில்லை. அவர்கள் சொன்ன தீர்வு, ஒவ்வொரு கோருக்கும் தனி வரிசை. அந்த வரிசைகள் சாதனத்தின் வன்பொருள் வரிசைகளோடு இணைக்கப்படும். பொதுப் பூட்டு வேண்டாம். இதற்குப் பெயர் பிஎல்கே-எம்கியூ. பல வரிசை அடுக்கு என்று சொல்லலாம்.

நால்வரில் ஆக்ஸ்போ அந்தப் பிளாக் அடுக்கின் பராமரிப்பாளர். 2001-இல் பழைய முறையைத் திருத்திக் கட்டியவர்களில் முதன்மையானவரும் அவரே. 2006-இலிருந்து கெர்னலின் இயல்பான வரிசைப்படுத்தியாக இருந்த சிஎஃப்கியூவை எழுதியதும் அவர்தான். தான் கட்டியதற்குக் காலம் முடிந்துவிட்டது என்று அளந்து பார்த்து, அதைத் தானே அறிவித்து, தானே எடுத்தவர். இந்த ஒரு காரணத்துக்காகவே அவரை நம் மாணவர்களுக்கு முன்னால் பெயர் சொல்லி நிறுத்த விரும்புகிறேன்.

புதிய பாதை 2014 ஜனவரியில் 3.13 பதிப்பில் வந்தது. பழையதும் அப்படியே இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 3.17 பதிப்பில், பெரும்பாலான டிஸ்க்குகளைக் கவனிக்கும் ஸ்கசி அடுக்கும் புதிய பாதையில் ஓடலாம் என்றாயிற்று. 'ஓடலாம்' என்பதைக் கவனியுங்கள், விரும்பியவர்கள் மட்டும். மூன்று ஆண்டுகள் அப்படியே விட்டார்கள். 2017-இல் 4.13 பதிப்பைத் தயாரிக்கும்போது புதியதையே எல்லோருக்கும் இயல்பாக்கிப் பார்த்தார்கள். சிலருக்கு வேகம் குறைந்தது. கணினியை உறங்கவைத்து எழுப்பும்போது சிலருக்குத் தொல்லை வந்தது. பதிப்பு முடிவாகி வெளிவருவதற்கு முன்பே அந்த மாற்றத்தைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். கொள்கைக்காகப் பிடிவாதம் பிடிக்கவில்லை. சுழலும் டிஸ்க்குகளுக்கு இன்னும் வரிசைப்படுத்திகள் வேண்டும் என்பதால், பழையவற்றின் இடத்தில் எம்கியூ-டெட்லைன், பாவ்லோ வலேன்டேயின் பிஎஃப்கியூ போன்றவை அதற்குள் புதிய பாதையிலேயே கிடைக்கத் தொடங்கியிருந்தன. குறைகளைத் தீர்த்து, 2018 அக்டோபரில் 4.19 பதிப்பில் மறுபடி இயல்பாக்கினார்கள். இந்த முறை நின்றது.

இனி எடுத்துவிடலாம்தானே? முடியாது. பழைய பாதையில் இன்னும் சில வண்டிகள் நின்றன. அவற்றில் அட்டாரி, அமிகா கணினிகளின் ஃப்ளாப்பி டிரைவர்களும் உண்டு. 1980-களின் வீட்டுக் கணினிகள் அவை. உலகம் முழுவதும் தேடினாலும் அவற்றில் இன்றைய லினக்சை ஓட்டுகிறவர்கள் மிகச் சிலர். 'யார் கேட்கப்போகிறார்கள்' என்று தள்ளிவிட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அந்த டிரைவர்களையும் ஒவ்வொன்றாகப் புதிய முறையில் எழுதித் தந்தார்கள். அதற்குப் பிறகுதான் 5.0-இல் பழைய அடுக்கு போயிற்று. அதோடு சிஎஃப்கியூவும் போயிற்று. புதியது வந்து பழையது போக ஐந்தாண்டு. ஒரு நாள்கூட வண்டி நிற்கவில்லை.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நீக்குவதற்கான உரிமை, நீக்கப்படுவதை நம்பியிருப்பவர்களைச் சுமந்து கொண்டுபோய் அக்கரையில் சேர்த்தவருக்கு மட்டுமே உண்டு. அட்டாரி ஃப்ளாப்பிக்கும் இது பொருந்தும்.

உள்ளே பார்க்கும் இடைமுகம் என்பதால் ஐந்தாண்டில் முடிந்தது. வெளியே பார்ப்பதைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐடிஇ டிஸ்க்குகளைப் பார்க்கலாம். பழைய கணினிகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தட்டையான பட்டை கேபிள் நினைவிருக்கும். அந்த டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் எச்டிஏ, எச்டிபி என்று பெயர் வைத்தது. ஜெஃப் கார்சிக் தொடங்கிய லிப்அட்டா என்ற புதிய டிரைவர் தொகுதி, சாட்டா டிஸ்க்குகளுக்காக வந்து, 2006-இல் 2.6.19 பதிப்பிலிருந்து பழைய ஐடிஇ டிஸ்க்குகளையும் ஏற்கத் தொடங்கியது. அது ஸ்கசி அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்ததால் டிஸ்க்கின் பெயர் எஸ்டிஏ என்று மாறியது. ஓர் எழுத்து மாற்றம். ஆனால் கணினி எழும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைக்க வேண்டும் என்று எழுதிவைத்த கோப்புகளில் எல்லாம் பழைய பெயர்தான் இருந்தது. கெர்னலைப் புதுப்பித்துவிட்டு மறுபடி இயக்கினால், எச்டிஏ எங்கே என்று கேட்டுவிட்டு நின்றுவிடும். இன்னொரு சிக்கலும் இருந்தது: பழைய முறை ஒரு டிஸ்க்கில் 63 பகுதிகள் வரை ஏற்றது; ஸ்கசி முறை அப்போது 15-க்கு மேல் ஏற்கவில்லை. இருபது பகுதிகளாகப் பிரித்து வைத்திருந்தவர் என்ன செய்வார்?

அந்தக் காலத்தில்தான் நம் பக்கம் லினக்ஸ் பரவிக்கொண்டிருந்தது. சி-டாக் சென்னை மையம் 2007-இல் பாஸ் லினக்சை வெளியிட்டது. தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோசோடு அதுவும் சேர்ந்து வந்ததை இங்கே உள்ள பலர் பார்த்திருப்பீர்கள். பாஸுக்கு அடித்தளமான டெபியன், இந்தப் பெயர் மாற்றத்தை 2011-இல் வந்த தன் ஆறாம் பதிப்பில்தான் செய்தது. செய்யும்போது, டிஸ்க்கை அதன் பெயரால் அழைக்காமல், டிஸ்க்கின் மேலேயே எழுதப்பட்டிருக்கும் தனி அடையாள எண்ணால் அழைக்கும்படி பழைய கோப்புகளைத் திருத்தித் தரும் வழியையும் சேர்த்துக் கொடுத்தது. அந்த அடையாள எண் எந்த டிரைவர் வந்தாலும் மாறாது. இன்று பெரும்பாலான லினக்ஸ் நிறுவல்களில் அந்த நீண்ட எண் அந்தக் கோப்புகளில் இருப்பதைக் காணலாம். ஒரு பழைய இடைமுகத்தை எடுக்கப்போய், அதைவிட நல்ல பழக்கம் ஒன்று நிலைத்துவிட்டது.

பழைய ஐடிஇ டிரைவர்களைக் கடைசியாக எடுத்தது 2021 ஆகஸ்டில், 5.14 பதிப்பில். கெர்னல் பொறியாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக் அதைச் செய்தார். நாற்பதாயிரம் வரிகளுக்கு மேல் நிரல் ஒரே வீச்சில் போயிற்று. மாற்று வழி பிறந்து பதினைந்து ஆண்டு. அதே பதிப்பில், தரவுத்தளங்களுக்காக ஒரு காலத்தில் சேர்த்த 'ரா' டிரைவரும் போயிற்று. அதற்கு நேரடி மாற்று 2001-இலிருந்தே இருந்தது.

எப்போதும் இவ்வளவு ஒழுங்காக நடந்துவிடவில்லை. பல ஆண்டுகள் கெர்னலில் ஒரு கோப்பு இருந்தது. எதை எப்போது நீக்கப்போகிறோம் என்ற அட்டவணை அது. 2012-இல் டோர்வால்ட்ஸ் அந்தக் கோப்பையே நீக்கிவிட்டார். நீக்குவோம் என்று தேதி குறித்து எழுதிவைப்பதால் மட்டும் யாரும் மாறிவிடுவதில்லை என்பதே என் புரிதல். பயனர் அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. அவர் பார்ப்பது தன் வேலை நடக்கிறதா என்பதைத்தான்.

பிகேடிசிடிவிடி என்ற டிரைவரின் கதையும் அப்படித்தான். திரும்பத் திரும்ப எழுதக்கூடிய சிடிகளை ஒரு சாதாரண டிஸ்க் போலப் பயன்படுத்த உதவியது. 2016-இலேயே கைவிடப்பட்டதாகக் குறித்துவிட்டார்கள். ஆறு ஆண்டு கழித்து 6.2 பதிப்புக்கான வேலையில் அதை நீக்கினார்கள். பயன்படுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று தெரியவந்ததும், அந்தப் பதிப்பு வெளிவருவதற்கு முன்பே திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு மிகப் பிடித்த நிகழ்வு இது. நீக்குவது ஒரு கருத்து என்றும், அது தவறாக இருக்கலாம் என்றும், தவறு தெரிந்தால் கௌரவம் பார்க்காமல் திருத்திக்கொள்ள வேண்டும் என்றும் அங்கே வழக்கம் இருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, பழையது எல்லாம் அப்படியே கிடக்கட்டுமே, யாருக்கு என்ன நட்டம் என்று நினைக்கலாம். நட்டம் உண்டு. ரெய்சர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை 2001-இல் கெர்னலில் சேர்ந்தது. சூசே லினக்ஸ் 2006 வரை அதையே இயல்பாகத் தந்தது. பிறகு அதைப் பராமரிக்க ஆள் குறைந்துபோயிற்று. 2022-இல் கெர்னல் பொறியாளர் மேத்யூ வில்காக்ஸ் ஒரு சிறு சீர்திருத்தம் செய்ய விரும்பினார். எல்லாக் கோப்பு முறைமைகளும் எழுதத் தொடங்கும்போது கூப்பிடும் ஒரு செயல்கூறில், கொடிகளுக்கென்று ஓர் அளவுரு இருந்தது. அதை நீக்கிவிடலாம் என்று பார்த்தால், அந்தக் கொடிகளில் ஒன்றை ரெய்சர்எஃப்எஸ் மட்டும் பயன்படுத்திக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்காத ஒரு பகுதிக்காக, எல்லோரும் நடக்கும் வழியில் ஒரு கல் கிடக்கிறது. அந்தக் கல்லைச் சுற்றிப் போக ஒவ்வொரு புதிய பொறியாளரும் கற்றுக்கொள்ள வேண்டும். அவர் அதைத் தவறாகச் செய்தால் யாருடைய தரவோ கெடும். பராமரிப்பாரற்ற நிரலின் விலை இதுதான்.

5.18 பதிப்பில் ரெய்சர்எஃப்எஸ் கைவிடப்படுவதாக அறிவித்தார்கள். அதைப் பயன்படுத்தினால் கெர்னலே எச்சரிக்கை சொல்லும்படி செய்தார்கள். 2025 ஜனவரியில் 6.13-இல் நீக்கினார்கள். அதற்கு முந்தைய 6.12 நீண்டகாலம் பராமரிக்கப்படும் பதிப்பு. ஆகவே எங்காவது பரணில் ரெய்சர்எஃப்எஸ் டிஸ்க் ஒன்று கிடந்தாலும், 6.12-ஐ வைத்து அதைப் படித்து வேறிடத்துக்கு எடுத்துக்கொள்ள முடியும். கோப்பு முறைமை விஷயத்தில் இது மிக முக்கியம். டிரைவரை நீக்கினால் ஒரு சாதனம் போகும், வேறு வாங்கலாம். கோப்பு முறைமையை நீக்கினால் அதில் எழுதிவைத்த கணக்கும் படமும் கடிதமும் படிக்க முடியாமல் போகும். அவற்றை வேறு கடையில் வாங்க முடியாது.

அதனால்தான் நிரல் வேறு, வடிவம் வேறு என்று பிரித்துப் பார்க்கிறார்கள். 2015-இல் 4.3 பதிப்பிலிருந்து இஎக்ஸ்டி3-இன் நிரல் நீக்கப்பட்டது. ஆனால் இஎக்ஸ்டி3 டிஸ்க்கை இன்றும் எந்த லினக்சிலும் திறக்கலாம். இஎக்ஸ்டி4-இன் நிரலே பழைய வடிவத்தையும் படித்து எழுதும். கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தை இடிக்காமல் வலுப்படுத்தி, அதன் மேலேயே அகலப் பாதையைக் கொண்டுபோனார்கள் அல்லவா, அந்த வகை வேலை.

எடுக்கவே முடியாத இடைமுகம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அதில் நம் நாட்டுக்காரர் ஒருவரின் உழைப்பு இருக்கிறது. ஒரு செயலி, 'இதைப் படித்து வை, நான் அதற்குள் வேறு வேலை பார்க்கிறேன்' என்று கெர்னலிடம் சொல்வதற்கான முறை ஏஐஓ. 2002 வாக்கில் 2.5 வரிசைப் பதிப்புகளில் வந்தது. அது டிஸ்க்கோடு நேரடியாகப் பேசும்போது மட்டும்தான் சரியாக வேலை செய்யும். சாதாரணமாகக் கோப்பைப் படிக்கும்போதும் அது வேலை செய்ய வேண்டும் என்று ஐபிஎம் நிறுவனத்தின் இந்திய ஆய்வகத்திலிருந்து சுபர்ணா பட்டாச்சார்யா பாடுபட்டார். 2003-இல் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் சக ஊழியர்களோடு சேர்ந்து அதைப் பற்றிக் கட்டுரையும் தந்தார். அந்த மாற்றங்கள் கெர்னலில் சேராமலே போயின. அவர் கேட்டது நியாயமான தேவை என்பது பதினாறு ஆண்டு கழித்து 2019 மே மாதம் 5.1 பதிப்பில் ஐஓ-யூரிங் வந்தபோது தெளிவாயிற்று. அதை எழுதியவரும் ஆக்ஸ்போதான். சாதாரணக் கோப்புகளுக்கும் அது வேலை செய்கிறது.

அப்படியானால் பழைய ஏஐஓவை எடுத்துவிட்டார்களா? இல்லை. தரவுத்தளங்கள் அதை நம்பி எழுதப்பட்டிருக்கின்றன. செயலிகளுக்குக் கொடுத்த வாக்கு அது. குறைபாடு தெரிந்தும், மேலான மாற்று வந்தும், அது இன்றும் இருக்கிறது. வெளியே பார்க்கும் இடைமுகத்தை உருவாக்குமுன் மிக நன்றாக யோசிக்க வேண்டும் என்று இந்தத் துறையில் மூத்தவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். உள்ளே செய்த தவறை ஐந்து ஆண்டில் கழற்றலாம். வெளியே செய்த தவறோடு பேரப்பிள்ளைகள் காலம் வரை குடித்தனம் நடத்த வேண்டும்.

இப்போது நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு வருகிறேன். மாணவர்கள் இதைக் கவனியுங்கள். கெர்னலின் தொடக்க காலத்திலிருந்தே இருக்கும் ஓர் அமைப்பு பஃபர்-ஹெட். டிஸ்க்கின் ஒவ்வொரு சிறு துண்டுக்கும் நினைவகத்தில் ஒரு குறிப்பேடு. 2.4 காலத்தில் டிஸ்க்குக்கு அனுப்பும் அலகே அதுதான். ஒரு மெகாபைட்டை நான்கு கிலோபைட் துண்டுகளாக எழுத 256 குறிப்பேடுகள். 2001-இல் ஆக்ஸ்போ 'பயோ' என்ற அமைப்பைக் கொண்டுவந்து அனுப்பும் வேலையை அதனிடமிருந்து எடுத்தார். குறிப்பெழுதும் வேலை மட்டும் தொடர்ந்தது. 2016-இல் ஹெல்விக் கொண்டுவந்த ஐஓமேப், 2022-இல் வில்காக்ஸ் கொண்டுவந்த ஃபோலியோ ஆகியவை அதையும் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டு வருகின்றன. 2023 அக்டோபரில் வந்த 6.6 பதிப்பிலிருந்து, பஃபர்-ஹெட் இல்லாமலே கெர்னலைக் கட்ட ஒரு தெரிவு உண்டு. ஆனால் இஎக்ஸ்டி4 அதை நம்பியிருக்கும்வரை பெரும்பாலான கணினிகளில் அந்தத் தெரிவைப் பயன்படுத்த முடியாது. சிறிய, பழைய கோப்பு முறைமைகள் பல இன்னும் அதன் மேல்தான் நிற்கின்றன. ஒவ்வொன்றையும் யாராவது எடுத்து, படித்து, மாற்றி, சோதித்துத் தர வேண்டும்.

அந்த 'யாராவது' செங்கோட்டையிலிருந்தும் வரலாம். பக்கத்து மத்தளம்பாறையில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். ஊர் சிறியது என்ற காரணம் இந்த வட்டாரத்தில் செல்லாது. தடையாக நான் காண்பது நம் பாடத்திட்டத்தை. நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பில் எல்லாத் திட்டப்பணியும் புதிதாக ஒன்றைச் செய்வதுதான். பிறர் எழுதிய இருபது ஆண்டு பழைய நிரலைப் படித்து, அதை நம்பியிருப்பவை எவை என்று பட்டியலிட்டு, ஒன்றையும் உடைக்காமல் ஒரு செயல்கூறை நீக்கிக் காட்டு என்று எந்த ஆசிரியரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். அப்படி ஒரு திட்டப்பணியைச் செய்த மாணவரை நான் இரண்டாவது கேள்வி கேட்காமல் வேலைக்குப் பரிந்துரைப்பேன். பேராசிரியர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். அடுத்த ஆண்டு ஒரு குழுவுக்காவது இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

நிரல் எழுதாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மருத்துவமனையிலோ அச்சகத்திலோ கல்லூரியிலோ பத்தாண்டுக்கு மேற்பட்ட லினக்ஸ் சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் அதன் கோப்பு முறைமை எக்ஸ்எஃப்எஸ் ஆக இருக்கலாம். அதன் நான்காம் வடிவத்தில் தேதிகள் 2038-க்கு மேல் போகா. அந்த வடிவத்தைக் கைவிடுவதாக 2020-லேயே அறிவித்தாயிற்று. 2030 செப்டம்பரில் கெர்னலிலிருந்து அதை நீக்குவதாகத் தேதியும் குறித்திருக்கிறார்கள். சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் எக்ஸ்எஃப்எஸ்-இன்ஃபோ என்ற கட்டளையை ஓட்டச் சொல்லுங்கள். வருகிற விடையில் சிஆர்சி என்ற இடத்தில் 1 இருந்தால் ஐந்தாம் வடிவம், நீக்கப்படும் என்ற கவலை இல்லை. 0 இருந்தால் பழையது. இருந்த இடத்திலேயே புதிய வடிவத்துக்கு மாற்ற வழி கிடையாது. தரவை வேறு டிஸ்க்கில் முழுவதுமாக நகலெடுத்து, நகல் சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்து, பழைய டிஸ்க்கைப் புதிய வடிவத்தில் அமைத்து, திரும்ப ஏற்ற வேண்டும். பெரிய டிஸ்க் என்றால் ஓரிரண்டு நாள் பிடிக்கும். பொங்கல் விடுமுறையில் செய்துகொள்ளலாம். இப்போது தொடங்கினால் அவசரமில்லாமல் செய்யலாம்.